பயன்படாத ஃபங்ஷன்: நீக்குவதா, முத்திரையிட்டு வைப்பதா?

லினக்ஸ் கெர்னலின் கோப்பு முறைமை நிரலில், யாரும் அழைக்காத ஸ்டாட்டிக் ஃபங்ஷன் (தன் கோப்புக்குள் மட்டும் பெயர் தெரியும் நிரல்துண்டு) ஒன்று இருந்தால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் எச்சரிக்கும். அதைக் கண்டவர் அந்த ஃபங்ஷனை அடியோடு நீக்கலாம், அல்லது ‘மேபி அன்யூஸ்டு’ என்ற முத்திரையை ஒட்டி எச்சரிக்கையை அடக்கலாம்.

முத்திரைக்கும் நியாயமான இடம் உண்டு. கோட்டா வசதிக்கான (பயனருக்கு வட்டு இட வரம்பு வைப்பது) இஃப்டெஃப்புக்குள், அதாவது அவ்வசதி இருந்தால் மட்டும் கம்பைல் ஆகும் பகுதிக்குள், மட்டும் அழைக்கப்படும் ஃபங்ஷன், அவ்வசதி இல்லாத கான்ஃபிக்கில் (கெர்னலுக்கான வசதித் தேர்வில்) ஆளற்று நிற்கும். அந்த ஒரு கான்ஃபிக்கை மட்டும் கம்பைல் செய்து பார்த்துவிட்டு அதை நீக்கியவரின் பேட்ச் (நிரல் மாற்றம்), கோட்டாவைச் சேர்த்துக் கம்பைல் செய்பவரிடம் பிழையோடு நின்றுவிடும்.

எந்தக் கான்ஃபிக்கிலும் அழைப்பு இல்லையென்றால் நீக்குவதே என் தேர்வு. எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் பொதுவான அடுக்கான விஎஃப்எஸ்ஸின் இடைமுகம் மாறும்போதெல்லாம், ஒருபோதும் ஓடாத அந்த வரிகளையும் யாரோ ஒருவர் திருத்த வேண்டியிருக்கிறது. எந்தச் சோதனையும் அவற்றைத் தொடாததால், திருத்தியது சரிதானா என்பதும் தெரியாது. பின்னால் உதவும் என்ற வாதம் எடுபடாது. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் பழைய வரிகள் அப்படியே இருக்கின்றன.

ஸ்டாட்டிக் அல்லாதவற்றில் கம்பைலர் வாய் திறக்காது. அங்கே கிட்டின் தேடல் கட்டளையான கிட் கிரெப்பால் பெயரைத் தேடினாலும், மேக்ரோ (கம்பைலுக்கு முன் நிரல்வரியாக விரியும் சுருக்கப் பெயர்) இரு துண்டுகளை ஒட்டி உருவாக்கும் பெயர்கள் அதில் சிக்குவதில்லை.