பலூனா, கத்தியா? மகளின் வால்வுக்கு நாங்கள் எடுத்த முடிவு

மகளுக்கு நாலு வயது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் வால்வு ஒடுங்கி, எக்கோ எனும் இதய ஸ்கேனில் வால்வின் இரு பக்கத்துக்கும் இடையே அழுத்த வித்தியாசம் 70 மில்லிமீட்டர் பாதரசம் காட்டியது. கொழும்பில் பலூன்தான், அதாவது வால்வுக்குள் சின்ன பலூனை ஊதி அதை விரிப்பதுதான், முதல் தெரிவு என்றார்கள். திருகோணமலையில் வீட்டில் மட்டும் இரண்டு கட்சி. "வெட்டித் தைச்சால் ஒரேயடியாக முடிஞ்சிடும். பலூன் எத்தனை நாளைக்குத் தம்பி?" என்று மாமி கேட்டார்.

நாங்கள் பலூன் பக்கம் போனவர்கள். அதை மனதில் வைத்தே மேலே படியுங்கள்.

நோவு, தழும்பு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒப்பரேஷன் என்றால் நெஞ்செலும்பை அறுத்து, இதய நுரையீரல் இயந்திரத்தில் போட்டுச் செய்வது. எலும்பு பொருந்த ஆறு கிழமையாவது பிடிக்கும். பலூன் தொடை மடிப்பு இரத்தக் குழாய் வழியாகப் போகிறது. மகளுக்கு அந்த இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டர், அவ்வளவுதான். காலை மடக்காமல் படுக்க வைத்ததுதான் பெரும் போராட்டம்.

டொக்டர் படத்தைக் காட்டினார். ஊதும்போது ஒடுங்கிய இடத்தில் பலூன் உடுக்குப்போல இடை சுருங்கி நிற்கிறது. இன்னும் ஊத, அந்த இடுப்பு சட்டென்று மறைகிறது. வால்வின் ஒட்டிக்கிடந்த இதழ்கள் பிரிந்த கணம் அது. 1982இல் இந்த முறை வந்த பிறகுதான் இந்த வால்வுக்குக் கத்தி இரண்டாம் இடத்துக்குப் போனது.

சரி, மாமியின் கேள்விக்கு வருவோம். எங்கள் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான். பலூன் போட்ட வால்வு சிலருக்குத் திரும்ப ஒடுங்கலாம், உண்மை. ஆனால் வெட்டித் திறந்தாலும் கிளினிக் முடிவதில்லை. ஒப்பரேஷனில் திரும்ப ஒடுங்குவது குறைவு, ஆனால் பின்னாளில் இரத்தம் பின்னோக்கிக் கசிவது அதிகம். எப்படிப் பார்த்தாலும் எக்கோவுக்காக இரவு ரயிலேறிக் கொழும்பு போகத்தான் வேண்டும். "ஒரேயடியாக" என்பது இரண்டிலும் இல்லையென்றால், பிள்ளையின் நெஞ்சை ஏன் முதலில் திறப்பான்?

இதழ்கள் தடித்து உருக்குலைந்திருந்தால் பலூன் சரியாக வேலை செய்யாதாம். உடம்புக்கு இரத்தம் அனுப்பும் பெருநாடி வால்வென்றால் கணக்கே வேறு: அங்கே பலூனுக்குப் பின் கசிவும் திரும்ப ஒடுங்குவதும் அதிகம், பலர் பிறகு ஒப்பரேஷனுக்குப் போகிறார்கள். அந்தப் பெற்றோருக்கு என் அனுபவம் உதவாது.

மகளின் கடைசி எக்கோவில் வித்தியாசம் 18, கொஞ்சம் கசிவு. அடுத்த வருடம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.