மெய் அட்டவணையா, மணிமேகலையா: தெளிவாக யோசிக்க எந்தப் பாடம்?

கோத்தகிரி மார்க்கெட் பக்கம் ஆடி மாதக் காலையில் அரை மணி நேரம் நின்றால் மூன்று தீர்ப்புகள் காதில் விழும். "நீலகிரிக்கு ரெட் அலர்ட் விட்டிருக்கிறார்கள், நாளை இங்கே கொட்டப்போகிறது" என்பது முதலாவது. "முன்பெல்லாம் கரடி இப்படி வராது, இப்போது வாரம் தவறாமல் வீடியோ வருகிறது, கரடி பெருகிவிட்டது" என்பது இரண்டாவது. மூன்றாவது எப்போதும் சற்றுச் சூடாகவே வரும்: "குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் விலை ஏறியிருக்கிறது, நமக்குப் பச்சை இலை விலை ஏறவில்லை, ஃபாக்டரிக்காரர்கள் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள்."

மூன்றும் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மூன்றிலும் சொன்ன காரணம் எடுத்த முடிவு வரை எட்டவில்லை. பேசுபவரும் அதைக் கவனிப்பதில்லை, தலையாட்டுபவரும் கவனிப்பதில்லை. இந்தப் பழக்கத்திலிருந்து விடுபட நினைப்பவருக்கு இன்று நான்கு பாடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன: குறியீட்டுத் தருக்கம், போலி வாதப் பட்டியல், நம் பழைய அளவை நூல் (தருக்க நூல்) மரபு, எண்ணிக்கை வழி. நான்கையும் இந்த மூன்று வாக்கியங்களில் உரசிப் பார்க்கலாம். தேர்வில் மதிப்பெண் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. அதை இங்கே தொடவில்லை.

குறியீடுகள் செய்வதும் செய்யாததும்

எல்லோரும் முதலில் கைகாட்டுவது குறியீட்டுத் தருக்கத்தை, அதாவது வாக்கியங்களைக் குறிகளாக்கிக் கணக்குபோல் சரிபார்க்கும் பாடத்தை. அரிஸ்டாட்டில் தொடங்கிவைத்ததை 1854இல் ஜார்ஜ் பூல் இயற்கணிதமாக்கினார். இன்றைய வடிவத்துக்கு 1879இல் ஃப்ரேகே அடித்தளம் போட்டார். காசு செலவில்லை. தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்திலேயே கூற்று, மறுப்பு, மெய் அட்டவணை (ஒரு கூற்று எப்போது மெய், எப்போது பொய் என்று காட்டும் கட்டம்) எல்லாம் தமிழில் இருக்கின்றன. மாலை நேரங்களில் உட்கார்ந்தால் சில வாரங்களில் முடித்துவிடலாம்.

இது நன்றாகக் கற்றுத்தரும் விஷயம் 'எனில்' என்பதைத் திருப்பிப் போடக்கூடாது என்பது. மழை பெய்தால் சாலை நனையும் என்பதை வைத்து, சாலை நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்திருக்கிறது என்று சொல்ல முடியாது. கோத்தகிரியில் மூடுபனியே சாலையை நனைத்துவிடும்.

ஆனால் அட்டவணையில் கற்றது வாசல் தாண்டி வெளியே வருகிறதா? பீட்டர் வாசன் என்ற உளவியலாளர் 1966இல் ஒரு புதிர் வைத்தார். அதைத் தமிழ் எழுத்தில் இப்படி அமைக்கலாம். மேசையில் நான்கு அட்டைகள்: அ, க, 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். 'ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்' என்பது விதி. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? அ, 7 என்பதே விடை. பெரும்பாலோர் அ, 4 என்கிறார்கள். 4இன் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால்தான் உடையும்.

மேட்டுப்பாளையத்துக்கும் கோத்தகிரிக்கும் டாக்சி ஓட்டும் என் மைத்துனனிடம் இதைக் கொடுத்தேன். அவனும் அ, 4 என்றான். உடனே நான்கு துண்டுக் காகிதங்களில் வண்டிகளை எழுதிக் கொடுத்தேன். ஒன்று டிஎன் 43, அதாவது நம் மாவட்ட வண்டி. இன்னொன்று கோவையின் டிஎன் 38. மூன்றாவது இ-பாஸ் எடுத்த வண்டி, எந்த ஊர் என்று தெரியாது. நான்காவது இ-பாஸ் இல்லாத வண்டி, அதுவும் எந்த ஊர் என்று தெரியாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். குஞ்சப்பனை செக்போஸ்டில் நின்றால் எதை நிறுத்துவாய் என்று கேட்டேன். "இதில் யோசிக்க என்ன இருக்கிறது மாமா? முப்பத்தெட்டிடம் பாஸைக் கேட்க வேண்டும், பாஸ் இல்லாத வண்டியின் நம்பரைப் பார்க்க வேண்டும். நாற்பத்து மூன்றை எதற்கு நிறுத்துவது?" என்றான். இரண்டும் ஒரே கணக்கு என்று சொன்னபோது நம்ப மறுத்தான்.

அவன் மட்டும் இப்படி அல்ல. மது அருந்தும் வயது விதியை வைத்து 1982இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் இதேபோல் சோதித்தபோது, அட்டையில் தடுமாறும் அதே புதிரைப் பெரும்பாலான மாணவர்கள் சரியாகப் போட்டார்கள். அதைவிட முக்கியமானது, பட்ரீஷியா செங் முதலியோர் 1986இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு பருவம் முழுவதும் தருக்கப் பாடம் படித்த கல்லூரி மாணவர்களும் இந்த வகைப் புதிர்களில் முன்னேறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் முன்னேறினார்கள்.

நம் மூன்று வாக்கியங்களிடம் வருவோம். மூன்றும் 'செல்லாது' என்று, அதாவது காரணம் மெய்யாக இருந்தாலும் முடிவு பொய்யாகலாம் என்று, குறியீட்டுத் தருக்கம் முத்திரை குத்தும். சரிதான். ஆனால் அன்றாடப் பேச்சில் ஏறக்குறைய எதுவுமே அந்தக் கண்டிப்பில் செல்லாது. செல்லாததில் எது நம்பத் தகுந்தது என்பதுதான் நமக்கு வேண்டும், அதற்கு மெய் அட்டவணையில் கட்டம் கிடையாது. கணினி நிரல் எழுதப்போகும் பிள்ளைகளுக்கு இது கட்டாயப் பாடம். மற்றவர்களுக்கு இரண்டாம் சுற்றில் வரட்டும்.

பட்டியல் படித்தவரின் ஆபத்து

ஆளைப் பார்த்துப் பேசுவது, எதிராளி சொல்லாததைச் சொன்னதாக வைத்து அடிப்பது, பழமையைச் சாட்சிக்கு அழைப்பது என்று போலி வாதங்களுக்குப் பெயரிட்டு வரிசைப்படுத்தும் பட்டியல்கள் இணையமெங்கும் கிடைக்கின்றன. ஒரே மாலையில் படித்துவிடலாம். நான்கு வழிகளில் இதுதான் வேகமானது. எனக்கு மிகக் குறைவாகப் பிடித்ததும் இதுதான்.

ஓடை ஓரச் சரிவில் ஒருவர் வீடு கட்டப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹட்டியின் (படகர் ஊரின்) பெரியவர், "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து அந்த இடத்தில் யாரும் கட்டியதில்லை தம்பி" என்கிறார். பட்டியல் படித்த இளைஞருக்கு உடனே பெயர் கிடைத்துவிடுகிறது: பழமை வாதம். பெயர் வைத்ததோடு விவாதம் முடிந்தது என்று நினைக்கிறார். பெரியவரின் வாதம் பலவீனமாக இருக்கலாம், அதனால் அவர் முடிவு பொய்யாகிவிடாது. 2009 நவம்பர் மழையில் இம்மாவட்டத்துச் சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. 'யாரும் கட்டியதில்லை' என்பதற்குள் பல தலைமுறைகள் மழையைப் பார்த்த அனுபவம் ஒளிந்திருக்கக்கூடும். தோண்டிப் பார்க்க வேண்டிய இடத்தில் பட்டியல் கதவைச் சாத்துகிறது.

உண்மையைத் தேடும் வாதம், வெல்வதற்கான சற்பம் (ஜல்பம்), தனக்கென்று ஒரு கட்சியும் இல்லாமல் எதிராளியை உடைப்பதே வேலையாகக் கொண்ட விதண்டை என்று, நியாயம் எனப்படும் பழைய இந்தியத் தருக்க மரபு பேச்சை மூன்றாகப் பிரித்தது. பட்டியலை மட்டும் படித்தவர்கள் பெரும்பாலும் மூன்றாவதில்தான் போய் நிற்கிறார்கள். பட்டியலைத் தன் வாக்கியத்தின் மேல் மட்டும் வைத்துப் பார்ப்பேன் என்று உறுதியுள்ளவர் படிக்கலாம். அப்படிப்பட்டவர் அபூர்வம்.

மலையில் தெரிவது புகையா?

மூன்றாவது வழியை யாரும் பரிந்துரைப்பதில்லை. தருக்கம் என்றாலே கிரேக்கத்திலிருந்து வந்த சரக்கு என்று நினைத்துவிட்டோம். மணிமேகலையின் 29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி மணிமேகலைக்கு நடத்துவது முழுக்க முழுக்கத் தருக்க வகுப்பு. அங்கே வரும் உதாரணம் மலைவாசிகளுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. இம்மலை நெருப்புடையது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகையுடையது ஆதலால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இந்த மலையிலும் புகை இருக்கிறது என்று பொருத்துவது உபநயம். ஆகவே நெருப்புடையது என்று முடிப்பது நிகமனம்.

குறியீட்டுத் தருக்கத்தில் இல்லாத இரண்டு வேலைகளை இந்த அமைப்பு வாங்குகிறது. முதலாவது, திட்டாந்தம் கேட்கிறது. எங்கே பார்த்தாய், காட்டு என்கிறது. வாதம் வெறும் வடிவமாக நழுவ முடியாது. இரண்டாவது, ஏது உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று விசாரிக்கிறது. சித்தாசித்தம் என்று ஒரு போலியை அந்தக் காதை சொல்கிறது. எதிரே தெரிவது ஆவியா பனியா என்ற ஐயமே தீராதபோது, அதைப் புகை என்று கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது. மார்ச் மாதம், புல் காய்ந்திருக்கும் நேரத்தில், எதிர்மலைச் சரிவில் ஒரு வெள்ளைத் தீற்றலைப் பார்த்துக் காட்டுத்தீ என்று எத்தனை முறை வாட்ஸ்அப்பில் போட்டிருப்போம்? அது மேலேறும் மூடுபனியாக இருக்கலாம், தேயிலை ஃபாக்டரியின் புகைபோக்கியாகவும் இருக்கலாம். புகைபோக்கி என்றால் நெருப்பு உண்டு, காட்டுத்தீ இல்லை.

அந்தக் காதையில் பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என்று மொத்தம் 33 போலிகள். இதுவும் பட்டியல்தானே என்று கேட்கலாம். வேறுபாடு உண்டு. இங்கே பிழை எந்த உறுப்பில் இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். எந்த உறுப்பு பழுது என்று தெரிந்தால் எதைச் சரிபார்ப்பது என்பதும் தெரிந்துவிடும். 27ஆம் காதையில் அளவைவாதி எண்ணும் குற்றங்களில் 'தேராது தெளிதல்' என்று ஒன்று உண்டு. ஆராயாமலே முடிவுக்கு வந்துவிடுவது. நம் மூன்று வாக்கியங்களுக்கும் பொதுத் தலைப்பாக அதை வைக்கலாம்.

17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்க சங்கிரகம் இதே மரபின் சிறிய கையேடு. புகை இருந்தால் நெருப்பு உண்டு, ஆனால் நெருப்பு இருந்தால் புகை உண்டு என்று திருப்ப முடியாது என்பதைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டி விளக்குவார்கள். இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை வர ஈர விறகு வேண்டும். ஐப்பசி மழையில் ஈரச் சீகை விறகை அடுப்பில் வைத்துக் கண் எரிந்தவர்களுக்கு 'உபாதி' (சொல்லாமல் மறைந்திருக்கும் கூடுதல் நிபந்தனை) என்ற அந்தக் கருத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மெய் அட்டவணையில் 'எனில்' பற்றிப் படித்த அதே பாடம்தான், இங்கே அது அடுப்படியில் நடக்கிறது.

ரெட் அலர்ட் வாக்கியத்தை இதில் போட்டுப் பாருங்கள். பக்கம்: நாளை கோத்தகிரியில் கொட்டும். ஏது: மாவட்டத்துக்கு ரெட் அலர்ட். திட்டாந்தம் தேடும்போதே சிக்கிக்கொள்கிறோம். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி வெள்ளக்காடாக இருக்கும் நாளில் கோத்தகிரியில் துணி காய்ந்த நாட்கள் எத்தனையோ. நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில். முடிவு உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் காணப்படும் ஏதுவை அநைகாந்திகம் என்கிறது மணிமேகலை. இந்த ஏது அந்த ரகம்.

குறை சொல்லாமல் விட முடியாது. உதாரணங்களில் பெரும்பகுதி 'சத்தம் நித்தமா அநித்தமா' (ஒலி அழியாததா, அழிவதா) என்ற சமயச் சண்டையைச் சுற்றியே வரும். உரை இல்லாமல் படித்தால் மூன்றாம் நாளே மூடி வைத்துவிடுவீர்கள். உரையோடு படித்து, சத்தத்தை எடுத்துவிட்டு உங்கள் ஊர் வாக்கியத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கரடியை எண்ணுவது

அளவை மரபுக்கு எட்டாதது 'எவ்வளவு' என்ற கேள்வி. நிகழ்தகவும் பேயஸ் தேற்றமும் பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தில் இருக்கின்றன. ஆனால் சூத்திரத்தை விட்டுவிட்டு ஆட்களையும் நாட்களையும் எண்ணினால் போதும் என்கிறார் ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரன்சர். நானும் அதையே சொல்வேன்.

இரவில் நாய் குரைக்கிறது, கரடி வந்திருக்கிறது என்கிறார்கள். நூறு இரவுகளை எடுத்துக்கொள்வோம். அதில் 5 இரவு கரடி வருகிறது, ஐந்திலும் நாய் குரைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 95 இரவுகளில் முள்ளம்பன்றிக்கும் காட்டெருமைக்கும் குடித்துவிட்டு வருபவருக்குமாக 19 இரவு குரைக்கிறது. மொத்தம் 24 குரைப்பு, அதில் கரடி 5. ஐந்தில் ஒன்றுதான். கரடி வந்தால் நாய் தவறாமல் குரைக்கும் என்பதும், குரைத்தால் கரடி என்பதும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்று இங்கே எண்ணிக்கையாகவே தெரிகிறது. அதற்காகக் கதவைத் திறந்து போய்விடாதீர்கள். வீட்டுக்குள் இருக்க ஐந்தில் ஒன்று தாராளமாகப் போதும்.

வீடியோ வாக்கியத்துக்கும் இதே மருந்து. வீடியோ எண்ணிக்கை என்பது கரடி எண்ணிக்கையோடு கேமரா எண்ணிக்கையும் சேர்ந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் எத்தனை கடை வாசலில் கேமரா இருந்தது? கரடி பெருகியிருக்கலாம், ஆனால் வீடியோவை வைத்து அதைச் சொல்ல முடியாது. அதே 1986இல் ஃபாங், கிராண்ட்ஸ், நிஸ்பெட் ஆகியோர் செய்த ஆய்வில், மாதிரி அளவு (எத்தனை நிகழ்வுகளை எண்ணினோம் என்பது) பற்றிய சிறு பயிற்சிகூட மக்கள் அன்றாட விஷயங்களில் யோசிப்பதை மேம்படுத்தியது. ஒரு பருவத் தருக்கப் பாடத்தால் முடியாததைச் சிறு புள்ளியியல் பயிற்சி செய்தது. நான்கில் கையில் ஆதாரத்தோடு நிற்கும் பாடம் இதுதான்.

பட்டிமன்றத்தைச் சேர்க்கவில்லையா என்று கேட்பார்கள். அது மேடைக் கூச்சத்தைப் போக்கும். எந்த அணி என்பதை முதலில் முடிவு செய்து காரணத்தைப் பிறகு தேடும் கலைக்கு யோசனைப் பயிற்சி என்று பெயர் வைக்க மாட்டேன். வார இதழ்ப் புதிர்களும் அப்படித்தான், அவை புதிர் போடத்தான் பழக்கும்.

ஆகவே நேரம் குறைவாக உள்ளவருக்கு என் வரிசை: அளவை முதலில், எண்ணிக்கை உடனே அதன் பின்னால், குறியீடு விருப்பமிருந்தால், பட்டியல் கடைசியில். எண்ணிக்கைக்கு ஆதாரம் அதிகம் என்று சொல்லிவிட்டு அளவையை முன்னால் வைப்பதற்குக் காரணம், எதை எண்ணுவது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கிறது. இலை விலை வாக்கியம் அதற்குச் சாட்சி. ஏலம் ஏறியும் இலை விலை ஏறாத, ஆனால் கூட்டும் இல்லாத மாதம் உண்டா என்று ஏதுவை அசைத்துப் பார்த்தால் வேறு காரணங்கள் வெளியே வருகின்றன. ஒரு கிலோ தூளுக்கு நான்கு முதல் நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும், மழைக்காலத்து ஈர இலையில் தண்ணீர் எடை வேறு. இன்று ஏலத்தில் ஏறிய விலை, வாரங்களுக்கு முன் பறித்த இலையின் தூளுக்கு. முற்றின இலைக்கும் கொழுந்துக்கும் தூளின் தரமே மாறும். இவற்றை ஒதுக்கிய பிறகும் சந்தேகம் நிற்குமானால் எண்ண வேண்டியது ஏல விலையை அல்ல. தேயிலை வாரியம் அந்த மாதத்துக்கு அறிவித்த பச்சைத் தேயிலைச் சராசரி விலையை ஒரு பத்தியிலும், ஐந்தாறு ஃபாக்டரிகளுக்கு இலை போடுகிறவர்களின் பில்லில் இருக்கும் விலையை அடுத்த பத்தியிலும் எழுத வேண்டும். ஒரு சீசன் முழுவதும் எல்லா பில்லும் ஒரே பைசா அளவில் கீழே நின்றால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு குன்னூரில் உள்ள வாரிய அலுவலகத்துக்குப் போகலாம்.