கருவிழி மாற்றா, ஸ்டெம் செல்லா, பல்லா?

பெட்டிக்கடையில் வாங்கிய சுண்ணாம்புப் பாக்கெட்டை என் அக்கா மகன் இரண்டு கையாலும் அழுத்தினான். வலது கண்ணுக்குள் பீய்ச்சி அடித்துவிட்டது. கருவிழி முழுக்க வெள்ளை படர்ந்தது. தானக் கண் கிடைத்ததும் ஒரு மருத்துவமனையில் கருவிழியை மாற்றினார்கள். ஒரு வருடத்துக்குள் மறுபடி மங்கிவிட்டது.

கருவிழி மாற்று மோசமான சிகிச்சை இல்லை. 1905-லிருந்து பலன் தருகிறது. தழும்புக்கும், கருவிழி கூம்பு மாதிரித் துருத்தும் நோய்க்கும் சரியான வழி. ஆனால் வெள்ளை விழியும் கருவிழியும் சேரும் விளிம்பில்தான் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. சுண்ணாம்பு அதையே சுட்டுவிட்டால், புதுக் கருவிழி மேலும் ரத்தக்குழாய் ஏறிவிடும். கிணறு தூர்ந்த வயலில் நாற்று நட்ட கதைதான்.

அதனால் இவனைப் போன்றவர்களுக்கு முதலில் ஸ்லெட் (SLET) என்கிற ஸ்டெம் செல் மாற்று என்பதுதான் என் கட்சி. ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையிலிருந்து 2012-ல் வெளிவந்த முறை இது. நல்ல கண்ணின் விளிம்பில் சுமார் 2 மில்லிமீட்டர் துணுக்கு எடுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, கெட்ட கண்ணில் விரித்த பனிக்குட சவ்வின் மேல் பசையால் ஒட்டுகிறார்கள். செல்கள் கண்ணிலேயே வளர்கின்றன; ஆய்வகத்தில் வளர்க்கும் பழைய முறையின் செலவு இல்லை. இரண்டு கண்ணும் போயிருந்தால் உறவினரிடமோ தானக் கண்ணிலோ எடுக்க வேண்டும். அப்போது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் வேண்டும்.

கண்ணுக்குள் செல்களை ஊசியால் செலுத்தும் ஜப்பான் சிகிச்சை பற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அது கருவிழியின் உள் அடுக்குக்கு, இவனுக்கு உதவாது.

மாத்திரை அலர்ஜியில் இரண்டு கண்ணும் வற்றிப்போனவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் நிற்காது. பாஸ்டன் என்கிற பிளாஸ்டிக் செயற்கைக் கருவிழியின் வழக்கமான வகைக்கும் ஓரளவு ஈரம் வேண்டும். அவர்களுக்குத்தான் சொந்தப் பல்லில் லென்ஸ் பொருத்திக் கண்ணில் வைக்கும் அறுவை சிகிச்சை. நம் சென்னை சங்கர நேத்ராலயாவில் செய்கிறார்கள். கோரைப்பல்லை வேர், எலும்போடு எடுத்துத் தகடாக இழைத்து, துளையிட்டு, சின்ன பிளாஸ்டிக் லென்ஸ் குழாயைப் பொருத்துகிறார்கள். சதை பிடிப்பதற்காகச் சில மாதம் உடம்புக்குள்ளேயே புதைத்து வைத்து, அப்புறம் கண்ணில் பதிக்கிறார்கள். சொந்தப் பல் என்பதால் உடம்பு தள்ளாது. கண் கன்னத்தின் உட்பக்கம் போலச் சிவந்து, நடுவில் ஒரு புள்ளியோடு இருக்கும். கண் அழுத்த நோய்க்காக ஆயுள் முழுக்கப் பரிசோதனை. விழித்திரையும் நரம்பும் நன்றாக இருந்தால் மட்டுமே பலன்.

எங்கள் பையனுக்கு மறு கண் நன்றாக இருந்தது. ஸ்லெட் செய்து எட்டு மாதம். மேற்பரப்பு தெளிந்துவிட்டது. உள்ளே தழும்பு இருப்பதால் இன்னொரு தானக் கருவிழிக்குக் காத்திருக்கிறோம்.