16:8 விரதமா, கலோரிக் கணக்கா, 5:2 முறையா? எடை குறைய எது யாருக்கு ஒத்துவரும்

எட்டு மணி நேரத்துக்குள் அன்றைய சாப்பாட்டை முடித்துக்கொண்டு மீதி 16 மணி நேரம் விரதம் இருந்தால், அதாவது 16:8 முறையில், எடை குறையுமா? முன்பு சாப்பிட்டதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் குறையும். அதே அளவைக் குறுகிய நேரத்துக்குள் திணித்தால் குறையாது. ஆனால் பேச்சு அதோடு முடிவதில்லை. குறைவாகச் சாப்பிட வைக்க எந்த முறை யாருக்கு உதவுகிறது, எந்த இடத்தில் காலை வாரிவிடுகிறது என்று பார்த்தால்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

முதலில், கடிகாரத்துக்கென்று தனிச் சக்தி இருக்கிறதா என்று பார்ப்போம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இதை மிகச் சுத்தமாகச் சோதித்தது. உடல் பருமன் உள்ள 41 பேருக்கு 12 வாரம் எல்லா உணவையும் ஆய்வாளர்களே அளந்து கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் காலை 8 முதல் மாலை 6-க்குள், பெரும்பகுதியைப் பகல் 1 மணிக்கு முன்பே சாப்பிட்டார்கள். இன்னொரு பிரிவினர் நள்ளிரவு வரை நீட்டிச் சாப்பிட்டார்கள். கலோரி இருவருக்கும் சமம். குறைந்த எடை முறையே 2.3 கிலோ, 2.6 கிலோ. உள்ளே போகும் அளவைப் பூட்டி வைத்துவிட்டால், நேரக்கட்டுப்பாட்டால் எடையில் கூடுதல் லாபம் கிடைக்கவில்லை.

சீனாவின் குவாங்சோவில் நடந்து 2022-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. 139 பேர், ஓராண்டு. எல்லோருக்கும் கலோரி வரம்பு உண்டு: ஆண்களுக்கு 1500 முதல் 1800, பெண்களுக்கு 1200 முதல் 1500. பாதிப்பேர் கூடுதலாக, காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் மட்டும் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு 8 கிலோ குறைந்தது, மற்றவர்களுக்கு 6.3 கிலோ. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதுதான் புள்ளியியல் முடிவு.

இதைப் படித்துவிட்டு 16:8 வீண் என்று தூக்கிப்போடுவது அவசரம். வீட்டில் யாரும் உங்கள் தட்டை அளந்து தரப்போவதில்லை. சிகாகோவில் 90 பேரை வைத்து ஓராண்டு நடத்திய ஆய்வு (2023) நிஜ வாழ்க்கைக்கு நெருக்கமானது. ஒரு குழு முதல் ஆறு மாதம் பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டது, எதையும் எண்ணவில்லை. இன்னொரு குழு தினசரி கலோரியை எண்ணி 25 சதவீதம் குறைத்தது. எதையும் மாற்றாமல் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் முதல் குழுவுக்கு 4.6 கிலோ, இரண்டாவது குழுவுக்கு 5.4 கிலோ குறைந்தது. கலோரியை எண்ணாதவர்கள் நாளுக்குச் சுமார் 425 கலோரி குறைத்திருந்தார்கள், எண்ணியவர்கள் 405. எண்ணும் வேலை இல்லாமலே அதே குறைவு தானாக வந்துவிட்டது. நேரக்கட்டுப்பாட்டின் உண்மையான பலம் இதுதான்.

எட்டு மணி நேரம் போதாதென்று ஆறு, நான்கு என்று சுருக்குவதில் பயன் குறைவு. நான்கு மணி நேரத்தையும் ஆறு மணி நேரத்தையும் எட்டு வாரம் ஒப்பிட்ட 2020-ஆம் ஆண்டு ஆய்வில் இரு தரப்புக்கும் சுமார் 3 சதவீதம்தான் எடை குறைந்தது. கலோரியும் ஒரே அளவில்தான் குறைந்திருந்தது.

காலையை விடுவதா, இரவை விடுவதா

16:8 என்று ஒரே பெயரில் சொன்னாலும் இவை இரண்டு வெவ்வேறு முறைகள். பெரும்பாலானோர் காலை உணவை விட்டுவிட்டுப் பகல் 12-க்குத் தொடங்குகிறார்கள், ஏனென்றால் அது சுலபம். உடலுக்கு ஏற்றது, சீக்கிரம் சாப்பிட்டு இரவை விடும் முறை. அலபாமா பல்கலைக்கழகத்தில் 90 பேர் கலந்துகொண்ட 14 வார ஆய்வில், காலை 7 முதல் பகல் 3 வரை சாப்பிட்டவர்களுக்கு 6.3 கிலோ குறைந்தது. 12 மணி நேரமோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களுக்கு 4 கிலோ. எடையில் வித்தியாசம் தெளிவாக இருந்தது, உடல் கொழுப்பில் அவ்வளவு தெளிவில்லை. இன்னொரு ஆய்வகச் சோதனையில் 16 பேருக்கு அதே உணவை நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது பசி கூடியது, விழித்திருக்கும் நேரத்தில் உடல் செலவிடும் ஆற்றல் குறைந்தது. காலையில் இன்சுலின் நன்றாக வேலை செய்வதால் இரத்தச் சர்க்கரைக்கும் முன்நேரச் சாப்பாடே நல்லது. முன்நீரிழிவு (நீரிழிவுக்கு முந்தைய நிலை) உள்ள எட்டு ஆண்களிடம் ஐந்து வாரம் சோதித்தபோது, எடை குறையாமலேயே இன்சுலின் செயல்பாடும் இரத்த அழுத்தமும் மேம்பட்டன.

ஆனால் பகல் 3 மணிக்குச் சாப்பாட்டை மூடிவிட்டு ஆண்டுக்கணக்கில் வாழ்வது வேலைக்குப் போகிறவர்களில் மிகச் சிலரால்தான் முடியும். அதனால் எங்கள் பரிந்துரை நடுவழி: காலை 9 அல்லது 10-க்குத் தொடங்கி மாலை 6 அல்லது 7-க்குள் முடிப்பது. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே வயிறு ஓய்வெடுக்கத் தொடங்கும், இரவு நொறுக்குத்தீனி தானாக வெட்டுப்படும்.

தசை என்னாகிறது

16:8-ஐப் புகழ்பவர்கள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 116 பேரை வைத்து 12 வாரம் நடத்திய ஆய்வில் (2020), பகல் 12 முதல் இரவு 8 வரை சாப்பிட்டவர்களுக்கு 0.94 கிலோவும் வழக்கம்போல மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கு 0.68 கிலோவும்தான் குறைந்தது. அதைவிடக் கவலைக்குரிய செய்தி, நேரில் வந்து உடலமைப்பைச் சோதித்துக்கொண்ட 16:8 குழுவினரிடம் தெரிந்தது: குறைந்த எடையில் சுமார் 65 சதவீதம், தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத திசு. புரதம், உடற்பயிற்சி பற்றி அவர்களுக்கு எந்த வழிகாட்டலும் தரப்படவில்லை. ஒரு வேளையை விட்டால் அந்த வேளையின் புரதமும் போய்விடும். மறுபக்கம், எடை தூக்கிப் பயிற்சி செய்யும் 34 ஆண்கள் பகல் 1, 4, இரவு 8 என்று மூன்று வேளை போதிய புரதத்தோடு எட்டு வாரம் சாப்பிட்டபோது கொழுப்பு குறைந்தது, தசை நின்றது.

எனவே 16:8 எடுப்பவர் புரதத்தைக் கண்டிப்பாகக் கணக்கிட வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம். 70 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 84 முதல் 112 கிராம். இதை இரண்டே வேளையில் முடிக்க நினைத்தால் வேளைக்கு 42 முதல் 56 கிராம் வரும், பலருக்கு வயிறு இடம்கொடுக்காது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், வேகவைத்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம்தான் புரதம் என்பதை வைத்துப் பார்த்தாலே புரியும். எட்டு மணி நேரத்துக்குள் மூன்று வேளை வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சியோ, சொந்த உடல் எடையை வைத்துச் செய்யும் பயிற்சியோ இருக்கட்டும்.

கலோரிக் கணக்கு

துல்லியத்தில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை, துல்லியமாகச் செய்தால். 1992-இல் வந்த ஓர் ஆய்வில், குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். உண்மையில் சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதத்தை அவர்கள் குறிப்பில் விட்டிருந்தார்கள். பொய் சொல்லவில்லை, கண்ணளவு ஏமாற்றிவிட்டது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. ஒரு கைப்பிடி கொட்டைகள், அதாவது 30 கிராம், 170-ஐத் தாண்டும். சமையலறைத் தராசு இல்லாமல் இந்த முறையில் இறங்க வேண்டாம். குறைந்தது மூன்று வாரம் எண்ணெய், தானியம், கொட்டைகள், சர்க்கரை ஆகிய நான்கையாவது எடைபோட்டால் கண்ணுக்குப் பயிற்சி வந்துவிடும். சாப்பிடும் நேரத்தில் எந்தக் கெடுபிடியும் இல்லை என்பதால் ஷிஃப்ட் மாறி வேலை பார்ப்பவர்களுக்கு இதுவே சரி. எண்களைப் பார்த்தாலே பதற்றப்படுபவர்களுக்கு ஆகாது.

5:2, 4:3, ஒருநாள் விட்டு ஒருநாள்

5:2-இல் வாரம் இரண்டு நாள் 500 முதல் 600 கலோரி, மற்ற நாட்கள் வழக்கமான சாப்பாடு. தினமும் கட்டுப்பாடு பிடிக்காதவர்களுக்கு வசதி. ஒருநாள் விட்டு ஒருநாள் முறையை ஓராண்டு சோதித்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில் எடை குறைந்தது 6 சதவீதம், தினசரிக் கலோரிக் குறைப்பில் 5.3 சதவீதம். ஆனால் பாதியில் விலகியவர்கள் முறையே 38, 29 சதவீதம். இந்த வகையில் நம்பிக்கை தருவது 4:3 முறை. கொலராடோவில் 165 பேரை வைத்து ஓராண்டு நடந்து 2025-இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று நாள் கலோரியை 80 சதவீதம் குறைத்தவர்களுக்கு 7.6 சதவீதம் குறைந்தது, தினமும் குறைத்தவர்களுக்கு 5 சதவீதம். இரு குழுவுக்கும் பயிற்றுநர் ஆதரவு இருந்தது என்பதை மறக்கக் கூடாது, தனியாகச் செய்பவருக்கு அதே பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

16:8-ஐத் தொடங்குவது எப்படி, எங்கே கெடுகிறது

முதல் நாளே 16 மணி நேரம் என்று குதிப்பவர்கள் தலைவலி, எரிச்சல், மாலையில் அடங்காப் பசி என்று இரண்டே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். முதல் வாரம் 12 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை அடக்குங்கள். அடுத்த வாரம் 10 மணி நேரம். அங்கேயே இரண்டு மூன்று வாரம் நின்று எடையைப் பாருங்கள். பலருக்கு இதுவே போதும். தேவைப்பட்டால் மட்டும், மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் என்று சுருக்கி எட்டுக்கு வாருங்கள்.

மிக அதிகமாகக் கெடுப்பது பால் காபியும் டீயும். 100 மில்லி முழுக்கொழுப்புப் பால், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டால் கப்புக்குச் சுமார் 100 கலோரி. விரத நேரத்தில் இரண்டு கப் குடித்தால் விரதமும் இல்லை, 200 கலோரியும் கூடிவிட்டது. தண்ணீர், பால் சர்க்கரை இல்லாத காபி, டீ மட்டும். அடுத்தது, முதல் வேளையில் வரும் வெறிப்பசி. அந்த வேளையை முட்டை, பயறு, தயிர் போன்ற புரதத்தோடும் காய்கறியோடும் தொடங்கினால் அடங்கும். இனிப்பில் தொடங்கினால் இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். மூன்றாவது, வார இறுதியில் நேரத்தை மூன்று நான்கு மணி தள்ளிவிட்டுத் திங்களன்று மீண்டும் பழைய நேரத்துக்கு இழுப்பது. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு மேல் விடாதீர்கள்.

முதல் வாரம் ஒன்றிரண்டு கிலோ இறங்கினால் பெரும்பாலும் அது தண்ணீர். உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜனின் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும், அது கரையும்போது நீரும் போகும். பதினாறு மணி நேரத்தில் ஆட்டோஃபேஜி (செல்கள் தம் பழைய பாகங்களைத் தாமே சிதைத்து மறுபயன்படுத்துவது) தொடங்கிக் கொழுப்பு கரையும் என்ற பேச்சையும் ஒதுக்கிவிடலாம். 2016 நோபல் பரிசு பெற்ற ஆராய்ச்சி, ஈஸ்ட் செல்களில் அந்தச் செயல்முறை எப்படி நடக்கிறது என்பதைக் காட்டியது. எடை குறைப்பைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் விரதத்தில் இறங்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு, சர்க்கரை அளவு அதிகம் உயராமலே கீட்டோஅசிடோசிஸ் (இரத்தத்தில் அமிலம் ஆபத்தான அளவுக்குக் கூடுவது) வரும் வாய்ப்பு உண்டு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், உணவுக்கோளாறு இருந்தவர்கள், பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 18.5-க்குக் குறைவானவர்கள் இந்த முறைகள் எதையும் தொட வேண்டாம்.

தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவிடுங்கள். வாயில் போடும் ஒவ்வொன்றையும் நேரத்தோடு போட்டோ எடுத்து வையுங்கள், எதையும் மாற்றாமல். ஏழு நாள் கழித்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே போனதைத் தனியாகக் கூட்டுங்கள். நாளுக்கு 300 கலோரிக்கு மேல் அங்கே இருந்தால், நேரக்கட்டுப்பாடு உங்களுக்கு வேலை செய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது. மூன்று வேளைத் தட்டுகளே பெரிதாக இருந்தால் தராசை எடுங்கள். வார நாட்களில் எல்லாம் ஒழுங்காக இருந்து தினசரிக் கட்டுப்பாடு மட்டும் கசந்தால் 5:2-ஐ முயன்று பாருங்கள். எதை எடுத்தாலும் தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரி எழுதுங்கள். இரண்டாவது வாரச் சராசரியையும் ஆறாவது வாரச் சராசரியையும் ஒப்பிட்டு, 70 கிலோ உள்ளவருக்கு முக்கால் கிலோகூடக் குறையவில்லை என்றால் முறையை மாற்றுங்கள். எடை குறைந்தும் இடுப்புச் சுற்றளவு அசையவில்லை என்றால், முறையை மாற்றும் முன் புரதத்தையும் பயிற்சியையும் சரிபாருங்கள்.