டிஃபரென்ஷல் மூடி: கைக்கணக்கா, டோர்க் ரென்ச்சா?

கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பொருட்களை வாங்கிவந்து பின் அச்சின் ஒயிலைத் தாமே மாற்றுவோருக்கு, டிஃபரென்ஷல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தளிக்கும் பற்சக்கரத் தொகுதி) மூடியின் போல்ட்டுகளைக் கைக்கணக்கில் இறுக்குவதா, இறுக்கும் அளவை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் இறுக்குவதா என்ற கேள்வி எழும். (பல ஜப்பானிய வான்களில் இத்தகைய பின்மூடியே கிடையாது.)

கைக்கணக்கு விரைவானது, செலவற்றது. பழகிய மெக்கானிக்கின் மணிக்கட்டு பெரும்பாலும் ஏமாறாது. ஆனால் நீண்ட பிடி சிறு விசையையும் பெருக்கிவிடுவதால், புதியவர் கையில் மெல்லிய தகட்டு மூடி துளைகளைச் சுற்றி உள்வளைந்து, இடைப்பட்ட பகுதிகளில் ஒயில் கசியத் தொடங்கும். அதைக் கண்டு மேலும் இறுக்கினால் மரையும் போய்விடும்.

டோர்க் ரென்ச்சுக்கு, எவ்வளவு இறுக்க வேண்டும் என்று வாகனக் கையேடு தரும் எண் வேண்டும். ஜீப்களின் சில அச்சுகளுக்கு அது 30 அடி-இறாத்தல், அதாவது ஏறக்குறைய 41 நியூட்டன் மீற்றர்; அலகைப் பாராமல் 41ஐ அடி-இறாத்தலில் வைத்தால், இறுக்கம் மூன்றிலொரு பங்குக்கு மேல் கூடிவிடும். மரையில் ஒயில் படிந்திருந்தாலும் உராய்வு குறைந்து, அதே எண்ணிலேயே போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

இருப்பினும் என் தெரிவு ரென்ச்தான். எதிரெதிர் போல்ட்டுகளை மாறிமாறி, இரண்டு மூன்று சுற்றுகளில் படிப்படியாக இறுக்குவது இரு முறைகளுக்கும் பொது. பழைய ஒயிலை வடிப்பதற்கு முன்னரே நிரப்பும் துளையின் அடைப்பான் கழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.