"ஆராய்ச்சி ஊசி" என்று 2,40,000 ரூபாய் ஏமாந்தோம்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் தயவுசெய்து படியுங்கள்

அப்பாவுக்கு அந்த ஊசி போட்ட இடத்திலிருந்து இப்போதுதான் திரும்பி வந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எங்களைப் போல இன்னொரு குடும்பம் அந்த மாடிப்படி ஏறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 67 வயது. இளவயதில் பம்பாயில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் பாய்லர் குழாய்களுக்குக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சுற்றுகிற வேலை பார்த்தவர். அந்தத் தூசி நாற்பது வருஷம் கழித்தும் நோயாக வரும் என்று போன வருஷம்தான் எங்களுக்குத் தெரிந்தது. மீசோதீலியோமா, அதாவது நுரையீரலைச் சுற்றியிருக்கிற உறையில் வரும் புற்றுநோய். புதுச்சேரி ஜிப்மர் அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சேர்ந்த நீரை எடுத்தார்கள். பெமெட்ரெக்ஸெட், சிஸ்பிளாட்டின் கீமோ கொடுத்தார்கள். வலிக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை, மலச்சிக்கல் வராமல் இருக்கக் கூடவே ஒரு மருந்து. குணப்படுத்த முடியாது, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் நேராகவே சொன்னார். அந்த "முடியாது" என்ற வார்த்தையை எங்களால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் போனில் ஒரு விளம்பரம். புதுச்சேரியில் ஒரு தனியார் சிகிச்சை மையம், வெளிநாட்டு நோய் எதிர்ப்பு சிகிச்சை, ஆராய்ச்சி நிலையில் இருப்பதால் பாதி விலை. திருப்பாப்புலியூரிலிருந்து பஸ்ஸில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனோம். கிருமாம்பாக்கம் தாண்டும்வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் வலது விலாவைத் தலையணையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அங்கே இருந்தவர் அப்பாவைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்தார். வெந்நீர் கொண்டு வரச் சொன்னார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து அரை மணி நேரம் விளக்கினார். "தங்கச்சி, இவரை எங்க அப்பாவா நினைச்சுச் செய்றேன்" என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் மூணு நிமிஷம்கூட எங்களிடம் யாரும் பேசியதில்லை. நான் நம்பினேன். அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

அமெரிக்காவில் 2020-ல் இந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தி மருந்து அனுமதித்திருக்கிறார்கள் என்று செய்தியைக் காட்டினார். அது உண்மைதான்: நிவோலுமாப், இபிலிமுமாப் என்று இரண்டு மருந்துகள், டிரிப்ஸில் ஏற்றுவது. இவர்கள் போட்டதோ தெர்மகோல் பெட்டியிலிருந்து எடுத்து தோளில் குத்திய ஊசி. புட்டியில் மருந்துப் பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை, பேனாவில் எழுதிய "4" மட்டும்தான். அன்றைக்கே அதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆறு ஊசிக்கு 2,40,000 ரூபாய். அம்மாவின் நகையை அடகு வைத்து முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினோம்.

பணத்தைவிடப் பெரிய கொடுமை ஒன்று. "மார்ஃபின் உடம்புல இருந்தா ஊசி வேலை செய்யாது, நிறுத்துங்க" என்றார்கள். நிறுத்தினோம். முதல் இரண்டு நாள் வியர்வை, வயிற்றுப்போக்கு, நடுக்கம். அப்புறம் பதினேழு நாள் அப்பா படுக்கவே இல்லை. நாற்காலியில் குனிந்து உட்கார்ந்தபடி விடிய விடிய முனகினார். கேட்டால் "மருந்து நோயோட சண்டை போடுது, நல்ல அறிகுறி" என்றார்கள். அந்த பதினேழு ராத்திரியை யார் திருப்பித் தருவார்கள்?

இரண்டாவது ஊசிக்குப் பிறகு போனை எடுக்கவில்லை. ஒரு நாள் "டாக்டர் கேம்ப்ல இருக்கார்." ஒரு நாள் "உங்க பைல் சென்னைக்குப் போயிருக்கு." நேரில் போனால் வரவேற்பில் இருந்த பெண், "நீங்கதானே கையெழுத்து போட்டீங்க?" என்று ஒரு தாளை நீட்டினாள். முழுக்க இங்கிலீஷ். ரசீதை இன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். 2,40,000 ரூபாய்க்கு நேரே "நன்கொடை" என்று போட்டிருக்கிறது. என் அப்பாவின் வலி நன்கொடையாம்.

ஜிப்மருக்கே திரும்பப் போனோம். யாரும் திட்டவில்லை. மறுபடி நீர் எடுத்து, மார்ஃபினைத் திரும்ப ஆரம்பித்தார்கள். நேற்று ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்கினார்.

நிறைய எழுதலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரமாகச் சில விஷயம் மட்டும்:

உண்மையான மருந்து ஆய்வுக்கு சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் எண் இருக்கும். 2009-லிருந்து அது கட்டாயம். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். ஆய்வில் சேருகிற நோயாளிகளின் பாதுகாப்பைப் பார்க்கிற நெறிமுறைக் குழு எது என்று கேளுங்கள். ஆய்வு என்று சொல்லி மருந்துக்கு லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னால், மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மார்ஃபினைக் கண்டு பயப்படாதீர்கள். கடலூர் பக்கம் நடக்க முடியாதவர்களுக்கு அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணம் பார்க்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ரசீது, அந்த "4" எழுதிய புட்டியின் போட்டோ, போன் பதிவு எல்லாம் வைத்திருக்கிறேன். நாளைக் காலை காவல் நிலையம் போகிறேன்.