அம்மாவின் ஜெப நேரம்: விடியற்காலையா, பிள்ளைகள் தூங்கிய பிறகா?

வீட்டோடு இருக்கும் அம்மாக்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அமைதி
விடியல்: வீடே அடங்கியிருக்கும். ஆனால் கைக்குழந்தை இருந்தால், அம்மா எழுந்த சத்தத்துக்கே விழித்து, வேதாகமத்தில் வாசிக்கும் சங்கீதத்தின் இரண்டாம் வசனத்துக்குள் மடியில் ஏறிவிடும்.
இரவு: யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மனம்
விடியல்: வாசித்தது மனதில் நிற்கும். வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகத்தில் 31 அதிகாரங்கள். தேதிக்கு ஒன்றாக வாசிக்கலாம்.
இரவு: வாசிக்கும்போது கண் சொருகும். ஆனால் ஜெபம் உள்ளத்திலிருந்து வரும். பிள்ளையிடம் எரிந்து விழுந்தது, யாரும் கவனிக்காத வேலையின் களைப்பு, கணவரிடம் சொல்லாமல் விட்ட வருத்தம் எல்லாவற்றையும் அன்றைக்கே கர்த்தரிடம் இறக்கி வைத்துவிடலாம். எனக்கு இது பெரிய ஆறுதல்.

தொடர்ச்சி
விடியல்: முந்தின இரவுத் தூக்கத்தைப் பொறுத்தது.
இரவு: பாத்திரம் கழுவிய கையோடு உட்கார்ந்தால் நிலைக்கும். போனை எடுத்தால் போச்சு.

விடியல்தான் உத்தமம் என்பவர்கள் மாற்கு 1:35ஐக் காட்டுவார்கள். இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார். சரிதான். லூக்கா 6:12இல் அவர் இராமுழுவதும் ஜெபித்ததும் இருக்கிறதே!

பால்குடி மறக்காத பிள்ளை இருந்தால் இரவே போதும்; விடியலில் கிடைக்கும் தூக்கத்தைக் குற்ற உணர்வில்லாமல் தூங்குங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயதென்றால் விடியலுக்கு மாறலாம், அப்புறம் படுக்குமுன் குடும்ப ஜெபத்தில் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளலாம்.